நீதிபதி கழுவிய வெள்ளைச் சேறு

துத்தநாக ஆலையின் ஆய்வுக்கூடத்துத் தலைமை வேதியியலாளருக்கு நீதிபதி என்று பெயர். அவள் காதுபட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை; காது கேளாத தூரத்தில் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அவள் அனுப்பும் அறிக்கைக்குத் தீர்ப்பு என்று பெயர். 'தீர்ப்பு வந்துடுச்சா?' என்று கொதிகலன்காரன் கேட்டால், கரைசலில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறான் என்று பொருள்.

இளமையில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்களை அவள்தான் பார்த்தாள். ஒருவர் அளவுக்கு மீறிச் சிரித்தார். இன்னொருவர் காலணியை வாசலில் கோணலாகக் கழற்றிவிட்டு வந்தார். மூன்றாமவர் பாவம், நல்ல மனிதர், நல்ல வேலை. ஆனால் 'ஏறக்குறைய' என்ற சொல்லை ஒரே பேச்சில் பல தடவை சொல்லிவிட்டார். சோதனையில் ஒருவரும் தேறவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தேறாததற்காக வருத்தப்பட வேண்டியது தேறாதவர்கள்தானே.

ஆக, ஐம்பதைத் தாண்டிய வயதில் அவள் ஒரு வீட்டின் மாடியில் தனியாக இருந்தாள். கீழே அவளுடைய தம்பி, தம்பி மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். தம்பியும் அதே ஆலையில்தான். ஆனால் அவள் குளிரூட்டிய அறையில், வெள்ளைக் கோட்டில். அவன் ஆவி பறக்கும் கூடத்தில், ரப்பர் பூட்ஸில். அவன் உரிப்புக் குழுவின் மேஸ்திரி.

உரிப்பது என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். தாதுவை அமிலத்தில் கரைத்து, கரைசலைச் சுத்தம் செய்து, நீளமான தொட்டிகளில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், அதில் தொங்கும் அலுமினியத் தட்டுகளின் இரண்டு பக்கமும் துத்தநாகம் பால் ஏடு மாதிரி படியும். தட்டை வெளியே தூக்கி, மூலையில் கத்தியைச் செருகி, ஏட்டை உரித்தெடுக்க வேண்டும். நல்ல நாளில் தகடு படக்கென்று கழன்று விழும். உரிக்கிறவன் அடுத்தவனோடு கதை பேசிக்கொண்டே உரிப்பான். கெட்ட நாளில் அது தபால்தலை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்போது கத்தி, சம்மட்டி, கெட்ட வார்த்தை மூன்றும் தேவைப்படும். உரித்த பிறகு தட்டைப் பிரஷ் போட்டுத் தேய்த்து மறுபடி தொட்டியில் இறக்க வேண்டும்.

நல்ல நாளைக் கெட்ட நாளாக்குவது ஃபுளோரைடு. தாதுவோடு தொற்றிக்கொண்டு வரும். அலுமினியத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. அந்தத் தோல் இருக்கும்வரை துத்தநாகம் மரியாதையாகத் தள்ளி நிற்கும். ஃபுளோரைடு அந்தத் தோலைச் சுரண்டிவிடும். அப்புறம் இரண்டு உலோகமும் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஃபுளோரைடு தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு பேரைச் சேர்த்து வைத்துவிட்டு ஒதுங்கி வேடிக்கை பார்க்கும் தூரத்து உறவினர் போன்றது.

அதைப் பிடிக்க ஆலையில் சுண்ணாம்பு போட்டார்கள். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு கால்சியம் ஃபுளோரைடு என்ற வெள்ளைச் சேறாக அடியில் உட்காரும். வடிகட்டும் பிரஸ்ஸில் சேறு நின்றுவிடும், தெளிந்த கரைசல் தொட்டிக் கூடத்துக்குப் போகும். இதில் ஒரே ஒரு சங்கடம். சேறு தன் ஈரத்தில் நல்ல துத்தநாகத்தையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். கழுவி எடுக்கலாம், ஆனால் தண்ணீரில் கழுவினால் அந்தத் தண்ணீரை எங்கே வைப்பது? தொட்டிகள் எல்லாம் ஏற்கெனவே கழுத்துவரை நிரம்பியிருந்தன.

நீதிபதிதான் வழி சொன்னாள். தொட்டிக் கூடத்திலிருந்து துத்தநாகத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிற அமிலம் இருக்கிறதே, அதாலேயே சேற்றைக் கழுவுவோம். புதுத் தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். கழுவின அமிலம் வந்த வழியே தொட்டிகளுக்குத் திரும்பிவிடும், மீட்ட துத்தநாகத்தோடு. சேறு கரைந்துவிடாதா என்று யாரோ கேட்டதற்கு, கால்சியம் ஃபுளோரைடு கரையாது என்று கல்லூரி முதலாண்டுப் புத்தகமே சொல்கிறது என்றாள். கழுவிப் பார்த்தார்கள். முன்னால் எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு கனமாக இருந்ததோ, கழுவிய பின்னும் சேறு அப்படியே இருந்தது. துத்தநாக மீட்பு ஏறியது. மேலாளருக்குத் தலைமை அலுவலகத்தில் கைதட்டலும் கேடயமும் கிடைத்தன. நீதிபதிக்கு அதைவிடச் சின்னதாக ஒரு கேடயம் கிடைத்தது.

சில மாதம் கழித்துத் தகடுகள் ஒட்ட ஆரம்பித்தன. ஒரே நாளில் அல்ல. முதலில் மூலைகள். அப்புறம் ஓரங்கள். அப்புறம் முழுத் தகடும். உரிப்புக் கூடத்தில் கதை நின்று சம்மட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அலுமினியத் தட்டுகள் கிழிந்தன. குழுவிலிருந்த எல்லோருடைய தோளிலும் தைல வாசனை.

தம்பி ஆய்வுக்கூடத்து வாசலில் பூட்ஸோடு வந்து நின்றான்.

"அக்கா, கரைசல் சரியில்ல."

"பூட்ஸ கழட்டிட்டு வா."

"உள்ள வரல. நிக்கறேன். கரைசல் சரியில்ல."

"உன் கூடத்து வாசல்ல இன்னிக்குக் காலையிலயும் சாம்பிள் எடுத்தாச்சு. ஃபுளோரைடு இல்ல. உங்க ஆளுங்க பிரஷ்ஷ தடவிக் குடுக்கறாங்க. தேய்க்கணும்டா, தடவக்கூடாது."

"பிரஷ்லாம் எப்பவும் போடற மாதிரிதான் போடறோம். தட்டு மட்டம். புதுசா வாங்கினதுலேர்ந்துதான் இந்தக் கூத்து."

"தட்டையும் சோதிச்சேன். தட்டு நல்லா இருக்கு."

"அப்ப எல்லாமே நல்லா இருக்கு. நாங்க மட்டும்தான் மட்டம்."

"நான் அப்படிச் சொல்லல. எழுதித்தான் அனுப்பியிருக்கேன்."

எழுதித்தான் அனுப்பியிருந்தாள். கரைசல் சுத்தம், தட்டு குறையற்றது, ஆகவே கோளாறு பிரஷ் போடுவதில் இருக்கவேண்டும். மூன்றாவதை அவள் சோதித்ததில்லை. முதல் இரண்டும் இல்லையென்றால் மூன்றாவதுதானே. மேலாளருக்கு அந்தக் காகிதம் தேவாமிர்தமாக இருந்தது. உற்பத்தி விழுந்துகொண்டிருக்கும்போது மேலாளருக்குத் தேவை காரணம் அல்ல, ஆள். குழுவைக் கலைத்து மற்றப் பிரிவுகளுக்குப் பிரித்துவிடுவது, மேஸ்திரியைப் பதவியிறக்கித் தாது கொட்டும் மைதானத்துக்கு அனுப்புவது என்று அவர் மனத்தளவில் முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீதிபதி தன் தீர்ப்பை வாயால் ஒருமுறை சொன்னால் வேலை முடிந்தது.

செய்தி வீட்டுக்கு வந்ததும் போர் மூண்டது. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் கீழ்வீட்டில் இருந்தது. மாடித் தொட்டி அவளுடையது. தம்பி மனைவிக்கு அதற்குமேல் ஆயுதம் தேவைப்படவில்லை. நீதிபதி தலையில் ஷாம்பு நுரையோடு படிக்கட்டில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"மோட்டார் போடலயா?"

"சாம்பிள் எடுத்தோம் அண்ணி. தொட்டி ரொம்பியிருக்குன்னு வந்துச்சு."

"தலையில நுரை இருக்கு."

"இருக்காது. நீங்க சரியா தேய்ச்சிருக்க மாட்டீங்க."

நீதிபதி துண்டைச் சுற்றிக்கொண்டு மேலே போனாள். வாதத்தில் பிழை இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி மேலே வந்தான். உட்காரவில்லை.

"மைதானத்துக்குப் போனா என் கதை முடிஞ்சிதுக்கா. அங்க மேஸ்திரியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. லாரிய எண்ணிட்டு நிக்கணும். என் ஆளுங்க நாலு பக்கமா போயிடுவாங்க."

"நான் என்னடா பண்ணறது? பொய் சொல்லச் சொல்றியா?"

"சொன்னாத்தான் என்ன? ஒரு தடவ. தம்பிக்காக."

"என்னன்னு சொல்லுவேன்? கரைசல் கெட்டுப்போச்சுன்னா? கெடலியே."

"நீ ஒரு வாட்டி கூட தப்பு பண்ணினதில்லல்ல?"

"பண்ணியிருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் கீழே போய், மனைவியிடம் மோட்டாரைப் போடச் சொன்னான். எதற்கென்று அவள் கேட்டாள், அவனுக்கே தெரியவில்லை.

தம்பியைக் காப்பாற்ற நீதிபதி ஏதோ செய்தாள் என்று பிற்பாடு ஆலையில் பேசிக்கொண்டார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. அவள் தம்பியின் குற்றத்தைத் துளியும் சந்தேகமின்றி நிரூபிக்கத்தான் மறுநாள் கிளம்பினாள். சொந்தத் தம்பி என்றால் அரைகுறைச் சான்று போதாது. முதல் குழாயிலிருந்து கடைசிக் குழாய்வரை ஒவ்வொரு இடத்திலும் சாம்பிள் எடுத்து, எங்குமே ஃபுளோரைடு இல்லை என்று காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. அப்படித்தான் அவள் யாருமே சாம்பிள் எடுக்காத ஒரு குழாயடிக்கு வந்து சேர்ந்தாள்: சேற்றைக் கழுவிய அமிலம் தொட்டிகளுக்குத் திரும்பும் குழாய். கழுவின தண்ணீரை யார் சோதிப்பார்கள்?

பிரஸ்ஸை ஓட்டுகிறவருக்கு ரேடியோ என்று பெயர். அணைக்க முடியாது.

"வாங்க மேடம், இந்தப் பக்கம் நீங்க வந்து வருஷமாச்சு. அந்தக் கண்ணாடிய பாத்தீங்களா? இதோட எத்தனையாவதோ. குழாய்ல என்ன ஓடுதுன்னு பாக்கத்தான் இந்தக் கண்ணாடி வெச்சிருக்கு, மாட்டின கொஞ்ச நாள்லயே கண்ணு மங்கிப் போயிடுது. ஸ்டோர்ல மட்டமான கண்ணாடியா வாங்கறான். என் மச்சினன் கண்ணாடிக் கடைதான் வெச்சிருக்கான், அவன் சொல்றான், நீராவி பட்டா இப்படித்தானாம்."

கண்ணாடி பால் நிறத்தில் மங்கியிருந்தது. நீதிபதி கைக்குட்டையால் துடைத்தாள். பிறகு ரேடியோ துருப்பிடித்த சக்கரத்தைத் திருகிக் குழாயை அடைத்துவிட்டு அதைக் கழற்றிக் கொடுத்ததும், நன்றாகக் கழுவிவிட்டுத் துடைத்தாள். நகத்தால் சுரண்டினாள். மங்கல் கண்ணாடியின் மேலே இல்லை. கண்ணாடியே அரிக்கப்பட்டிருந்தது.

"நீராவிதானே மேடம்?"

அவள் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ரேடியோ பேசிக்கொண்டே இருந்தார். அமிலத்தில் கண்ணாடியைத் தின்கிற பிராணி ஒன்றே ஒன்றுதான் என்பது அதே முதலாண்டுப் புத்தகத்தில் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. ஃபுளோரைடு.

ஆய்வுக்கூடத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அலமாரியில் இருந்த சுத்தமான கால்சியம் ஃபுளோரைடை எடுத்து மூன்று பிளாஸ்டிக் குவளைகளில் போட்டாள். கண்ணாடிக் குவளையை இனி அவள் நம்பத் தயாரில்லை. ஒன்றில் தண்ணீர். ஒன்றில் அமிலமில்லாத துத்தநாகக் கரைசல். ஒன்றில் தொட்டிகளிலிருந்து திரும்பும் அமிலம். மூன்றையும் கலக்கிவிட்டுக் காத்திருந்தாள். மூன்றிலும் அடியில் வெள்ளையாகத்தான் இருந்தது. பார்வைக்கு எதுவும் கரையவில்லை.

பிறகு மேலே நின்றதை வடித்து, அமிலத்தை முறித்து, ஃபுளோரைடு அளக்கும் கருவியை ஒவ்வொன்றாக நுழைத்தாள். தண்ணீரில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை; புத்தகம் பொய் சொல்லவில்லை. துத்தநாகக் கரைசலில் புத்தகம் சொன்னதைவிட அதிகம். துத்தநாகமும் கூடவே இருந்த மக்னீசியமும் ஆளுக்குக் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தன. அமிலத்தில் எண் ஏறிக்கொண்டே போனது, வாடகை வண்டி மீட்டரைப் போல. அப்படியென்றால் அடியில் இருக்கும் வெள்ளை? லென்ஸ் வைத்துப் பார்த்தாள். மாவு இல்லை, ஊசி ஊசியாக இருந்தது. ஜிப்சம். ஃபுளோரைடு கரைந்து வெளியேறிவிட்டது. அதன் இடத்தில் கால்சியம் அமிலத்தோடு சேர்ந்து வேறொரு வெள்ளைப் பொடியாகி உட்கார்ந்திருந்தது. குடித்தனக்காரன் இரவோடு இரவாகக் காலி செய்துவிட்டான், ஆனால் சன்னலில் அதே நிறத் திரை. வெளியே நின்று பார்க்கிற வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

கால்சியம் ஃபுளோரைடு கரையாது என்று புத்தகம் சொன்னது தண்ணீரைப் பற்றி. அந்த ஆலையில் எந்தக் குழாயிலும் தண்ணீர் ஓடவில்லை. எல்லாம் ஓடியது, தண்ணீர் மட்டும் இல்லை. அவள் முன்வாசலில் ஒவ்வொரு சொட்டையும் நிறுத்திச் சோதித்து உள்ளே விட்டாள். பின்வாசலில் பிடிபட்ட திருடனைக் குளிப்பாட்டித் தானே உள்ளே அனுப்பினாள். அதற்கு ஒரு கேடயமும் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் பிஸ்கட் வைத்திருந்தார். ஒருவரைப் பதவியிறக்கும் கூட்டங்களில்தான் கிரீம் பிஸ்கட். தம்பி மேசையின் ஓரத்தில், துவைத்த சட்டையில், பிஸ்கட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். நீதிபதி தன் பையிலிருந்து அந்த வட்டக் கண்ணாடியை எடுத்து மேலாளர் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது? அழுக்கா இருக்கே."

"துடைங்க சார்."

மேலாளர் காகிதக் கைக்குட்டையால் துடைத்தார். ஊதித் துடைத்தார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதையும் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி துடைத்தார்.

"போகலியே."

"போகாது சார். நாம அமிலத்துல கழுவறோம்ல, அந்தச் சேத்துலேர்ந்து ஃபுளோரைடு கரைஞ்சு போகுது. போய் நேரா தொட்டியில இறங்குது. தகடு ஒட்டறது அதனாலதான்."

"சேறு கரையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பா சொன்னேன்."

அவள் வாயிலிருந்து அந்தச் சொற்கள் அந்த வரிசையில் வந்து யாரும் கேட்டதில்லை. கணக்கர் பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினார். தம்பி தலையைத் தூக்கினான்.

மேலாளர் அவசரமாக யோசித்தார். அமிலக் கழுவலை நிறுத்தினால் துத்தநாக மீட்பு இறங்கும். கேடயத்தை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள், ஆனால் நாலு பேர் பார்வை என்று ஒன்று இருக்கிறதே.

"அப்படின்னா நீங்க வாங்கின கேடயத்துக்கே அர்த்தமில்லன்னு ஆயிடுமேம்மா."

"நாம வாங்கினது சார். உங்களோடது என்னோடதவிடப் பெருசு."

"சரி, சரி. நடுவுல ஒரு வழி பாப்போம். கழுவறத கொஞ்சம் குறைச்சுக்கலாம். பிரஷ் போடறதும் சரியில்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பாதி அது, பாதி இதுன்னு வெச்சுக்கிட்டா எல்லாருக்கும் நல்லது. மேஸ்திரிய மாத்தறது அதும்பாட்டுக்கு நடக்கட்டும். பிரஷ் சரியில்லதானே? நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. சொல்லுங்க."

இங்கேதான் ஆபத்து இருந்தது. ஏனென்றால் முந்தின நாள் அவள் மூன்றாவதையும் சோதிக்கவென்று உரிப்புக் கூடத்துக்குப் போய், தூணுக்குப் பின்னால் நின்று, பிரஷ் போடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தடவிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"சரியில்லதான் சார்" என்றாள்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களா" என்றார் மேலாளர்.

"பிரஷ் சரியில்ல. ஆனா தகடு ஒட்டறதுக்கு அது காரணம் இல்ல. இத்தன வருஷமா இப்படித்தான் தடவிட்டிருந்தாங்க, தகடு ஒட்டல. நாளைக்கு நல்லா தேய்ச்சாலும் ஒட்டும். பாதிங்கறது இதுல கிடையாது. பாதின்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆய்வுக்கூடத்துக் கையெழுத்து இல்லாம உங்களால யாரையும் மாத்த முடியாது. நான் ஏற்கெனவே அனுப்பினத ரத்து பண்ணி இன்னிக்கே எழுதித் தர்றேன். அப்புறம், தட்டு மட்டம்னு உரிப்புக் குழு சொல்லிட்டிருந்தது. அதுவும் தப்பு. தட்டு நல்ல தட்டு."

கடைசி இரண்டு வாக்கியங்களை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அமிலக் கழுவல் அன்றே நின்றது. வெள்ளைச் சேறு, உள்ளே துத்தநாகத்தோடு, ஆலைக்குப் பின்னால் குன்றாக ஏறத் தொடங்கியது. மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் சொல்லப் போய் இளைத்து வந்தார். நீதிபதிக்கு வரவேண்டிய பதவி உயர்வு வழியில் எங்கோ கரைந்துவிட்டது. எந்தக் கரைசலில் என்று அவள் தேடவில்லை. தம்பி மேஸ்திரியாகவே இருந்தான். மோட்டார் ஒழுங்காக ஓடியது. தம்பி மனைவி ஒரு தட்டில் நறுக்கிய பழம் கொடுத்தனுப்பினாள்.

தம்பி மட்டும் பேசவில்லை. சில நாள் கழித்துப் படியேறி வந்தான்.

"நீ என்னைக் காப்பாத்தினியா, மாட்டிவிட்டியா? எனக்கு இன்னும் வெளங்கல."

"ரெண்டும் பண்ணல. நடந்தத சொன்னேன்."

"பிரஷ் சரியில்லன்னு சொல்லாம இருந்திருக்கலாம்ல? என் ஆளுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? தடவற கோஷ்டின்னு கொதிகலன்காரன் கூப்பிடறான்."

"தடவத்தானேடா செய்யறீங்க."

"அப்ப நீ வந்து தேய். வந்து ஒரு தட்டு தேய்ச்சுக் காட்டு. எப்படித்தான் தேய்க்கணும்னு நாங்களும் பாத்துக்கறோம்."

அவன் கேலியாகச் சொன்னான். அவள் மறுநாள் காலையே ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு உரிப்புக் கூடத்துக்கு வந்துவிட்டாள். பூட்ஸ் ஒரு சுற்றுப் பெரிது. குழு முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு நின்றது. அவள் ஒரு தட்டை எடுத்து, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், மூலை, ஓரம், கைப்பிடிக்கு அடிப்பக்கம் என்று தேய்த்தாள். அவள் ஒரு பக்கத்தை முடிக்கும் நேரத்தில் அவர்கள் ஒரு வரிசையையே இறக்கியிருப்பார்கள். தட்டு கண்ணாடி மாதிரி ஆனது. தம்பி அதன் கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டித் தொட்டியில் இறக்கினான்.

தொட்டிகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த ஃபுளோரைடு அன்றைக்கே விடைபெற்றுவிடவில்லை. அது வடிந்துபோக வாரங்கள் பிடிக்கும். ஆகவே அடுத்த நாள் தட்டுகள் வெளியே வந்தபோது, தடவிய தட்டுகள் ஒட்டியிருந்தன. சிவப்பு நாடாத் தட்டும் ஒட்டியிருந்தது. தம்பி கத்தியைச் செருகினான், நுழையவில்லை. தட்டினான். அடித்தான். பக்கத்துத் தட்டுகள் முனகிக்கொண்டாவது வழிவிட்டன, இது அசையவில்லை.

"அக்கா" என்றான், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குழு மொத்தமும் கேட்கும்படி. "இருக்கறதுலயே உன் தட்டுதான்கா ரொம்ப ஒட்டுது."

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீதிபதி குனிந்து, ஒட்டியிருந்த தகட்டை மூலை மூலையாக விரலால் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு நிறைவு படர்ந்தது.

"பாத்தியா?" என்றாள். "நல்லா தேய்ச்சாலும் ஒட்டும்னு நான் சொன்னேன்."

தம்பி சம்மட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

அவள் வெள்ளைக் கோட்டின் கையை மடித்துவிட்டு ஓங்கினாள்.

"இடுப்ப வளைக்காதக்கா" என்றான் அவன். "தோள்லேர்ந்து அடி."